ஜெயராஜின் லத்தீன்

மயக்கம் தெளிந்து ஜெயராஜ் பேசிய முதல் வாக்கியத்தை மலாய்க்கார நர்ஸ் தமிழ் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தமிழர் அது ஏதோ மந்திரம் என்றார். படுக்கை விரிப்பு மாற்ற வந்த இராஜம்மா கொஞ்ச நேரம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சர்ச்சுல ஃபாதர் பாடுவாரே, அந்த மாதிரி இருக்கு. வேதத்துல சேந்துட்டாரா உங்க வீட்டுக்காரரு?"

"இல்லக்கா. போன மாசம்தான் கோயில்ல பால்குடம் எடுத்தோம்" என்றாள் புஷ்பவல்லி.

"அப்ப என்னா பாஷை லா இது?"

புஷ்பவல்லிக்குத் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அது நிரந்தரமாகிவிடும் போலிருந்தது. தலையணையைச் சரிசெய்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயராஜ் கிள்ளானில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். இருபத்தேழு வருட வேலை. தமிழ் பேசுகிறவரின் வாக்குமூலத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வார். நீதிபதி சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் "நான் அடிக்கல" என்றால் இவரும் "நான் அடிக்கவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். "அவன் அடிக்கவில்லையாம்" என்று சொல்லக் கூடாது. அது வேலையின் விதி. நாள் முழுக்க மற்றவர்களுக்காக 'நான்' சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவர் தனக்காக அந்தச் சொல்லை அதிகம் செலவழிப்பதில்லை. மீன் குழம்பு வேண்டுமா, கோழியா என்று கேட்டால்கூட "எதுவானாலும்" என்பார்.

லத்தீன் எப்படி வந்ததென்றால், வக்கீல்கள் பேச்சுக்கு நடுவே லத்தீன் சொற்களை வீசுவார்கள். அப்போது கூண்டில் இருப்பவன் இவர் முகத்தைப் பார்ப்பான். இவருக்கு அது தெரியாது. "அத விடுங்க, மிஸ்டர் ஜெயராஜ், மேல போகலாம்" என்று நீதிபதி சொல்லிவிடுவார். விட்டுவிட்டு மேலே போவது ஜெயராஜுக்குப் பிடிக்காத காரியம். பத்து மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனவர், பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு மெல்லிய புத்தகத்தோடு திரும்பினார். பழமொழிகளும், சின்னச் சின்ன மிருகக் கதைகளும், இரண்டு மூன்று சொற்களில் அடங்கும் வாசகங்களுமாகத் தொடக்கக்காரர்களுக்கு லத்தீன் கற்றுத்தரும் புத்தகம். கொமுட்டர் ரயிலிலும் கோர்ட்டு வராந்தாவிலும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓரங்களில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதுவார்.

"பேச ஒரு ஆள் இல்லாத பாஷைக்கு இந்தப் பாடா?" என்று புஷ்பவல்லி கேலி செய்வாள். "எங்க பாலர் பள்ளிக்கு வாங்க. ஆறு வயசு புள்ளைங்களோட உக்காந்து காக்கா கதை படிக்கலாம்."

"இதுலயும் காக்கா கதைதான் இருக்கு" என்பார் ஜெயராஜ், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது அந்த வராந்தாவிலேயே ஸ்ட்ரோக் வந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் வலது கையும் வலது காலும் அசையாமல் கிடக்கிறார். ஐந்து நாள் ஆகிவிட்டது. தமிழ் வரவில்லை. மலாய் வரவில்லை. ஆங்கிலம் வரவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லாமல், சும்மா கற்றுக்கொண்ட ஒன்று மட்டும் நாக்கில் தங்கியிருக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஷாமினி, சின்ன வயது. செமினியில் வீடு. அவள் பொறுமையாக விளக்கினாள்.

"அபூர்வமா இப்படி நடக்கும் ஆன்டி. கடைசியா படிச்சது நிக்கும், மத்ததெல்லாம் போயிடும். நாம பேசுறது அங்கிளுக்குப் பெரும்பாலும் புரியுது. பதில் வர்ற வழிதான் அடைச்சுக்கிச்சு."

"தலையாட்டுறாரே?"

"அத நம்பாதீங்க. பாருங்க." அவள் ஜெயராஜிடம் திரும்பினாள். "அங்கிள், உங்க பேரு ஷாமினியா?"

ஜெயராஜ் மரியாதையாகத் தலையாட்டினார். தலையாட்டிய மறு நொடியே அது தவறென்று தெரிந்து கண் கலங்கியது. புஷ்பவல்லி அதைப் பார்த்துவிட்டாள். தெரிந்துகொண்டே தவறான பதிலுக்குள் தள்ளப்படும் ஒரு மனிதனை அவள் அதுவரை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவள் காப்பாரில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. பதினெட்டு வருடமாக நரிக்கும் திராட்சைக்கும், ஓநாய்க்கும் ஆட்டுக்குட்டிக்கும், எறும்புக்கும் வெட்டுக்கிளிக்கும் குரல் மாற்றிப் பேசிக்கொண்டிருப்பவள். புத்தகத்தின் முதல் பாதி பழமொழிகள். அவற்றுக்குள் அவளால் நுழையவே முடியவில்லை. சுவர் மாதிரி நின்றன. கதைகள் அப்படி இல்லை. எங்கே நரி வரும், எங்கே குதிக்கும், எங்கே முகத்தைச் சுளிக்கும் என்று முன்பே தெரிந்திருந்ததால், தெரியாத சொற்கள் தாமாகவே தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. வுல்பேஸ் என்றால் நரி. ஊவா என்றால் திராட்சை. லூபுஸ், ஓநாய். ஓரத்தில் கணவரின் பென்சில் எழுத்து. பல இடங்களில் அவள் நினைத்ததும் அவர் எழுதியதும் ஒன்றாகவே இருந்தன.

பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். பாலர் பள்ளியில் படிப்பது போலவே, ஓநாய்க்குக் கரகரத்த குரலில், ஆட்டுக்குட்டிக்கு மெல்லிய குரலில். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

"உங்க கிளாஸ்ல எனக்கும் ஒரு சீட்டு கிடைக்குமா டீச்சர்?"

"கிடைக்கும் அண்ணே. ஆனா ஹோம்வர்க் இருக்கு."

ஜெயராஜ் சிரிக்கவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உதடுகளால் பின்தொடர்ந்தார். அவள் தடுக்கிய இடத்தில் திருத்தினார்.

ஆனால் சீக்கிரமே அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தப் புத்தகம் உலகத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவைத்திருந்தது. பேராசையைப் பற்றி, நன்றி கெட்டவர்களைப் பற்றி, அரசர்களைப் பற்றி, காலத்தைப் பற்றி. முதுகு அரிக்கிறது என்பதற்கு மட்டும் அதில் வழியில்லை. கழிவறைக்குப் போக வேண்டும், மின்விசிறியைக் குறை, பையன் சாப்பிட்டானா, எனக்குப் பயமாக இருக்கிறது, இவற்றில் ஒன்றுகூட இல்லை. எவரெவரோ எப்போதோ கண்டறிந்த உண்மைகளை அவரால் பிசகில்லாமல் சொல்ல முடிந்தது. ஒரு குவளை மைலோ கேட்க முடியவில்லை.

அதனால் அவர் கதைகளை உடைத்து, துண்டு துண்டாகப் பயன்படுத்தத் தொடங்கினார். ஒரு நாள் "ஹியெம்ஸ், ஹியெம்ஸ்" என்றார். எறும்புக் கதையில் வரும் குளிர்காலம். கிள்ளானில் ஏது குளிர்காலம் என்று யோசித்துவிட்டு அவள் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரிதான். இன்னொரு நாள் மேலே பார்த்தபடி "ஊவா" என்றார். எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சலைன் பை காலியாகி, குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நர்ஸை அழைத்து வந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது அக்கா?" என்று நர்ஸ் மலாயில் கேட்டார்.

"அவர்தான் சொன்னார்."

இதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு பெருமை எழுந்தது. கல்யாணமாகி இருபத்துமூன்று வருடங்களில் அவர் இப்படி எதையும் அவளிடம் கேட்டதில்லை.

இரண்டாவது வாரத்தில் அவர் "ஸ்பீனா" என்று சொன்னார். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். சிங்கத்தின் பாதத்தில் குத்திய முள். போர்வையை விலக்கினாள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. இடது பாதத்தில் ஒரு புண், அதற்கு ஒரு கட்டு. முந்தின நாள் கட்டு மாற்றும்போது இரண்டு விரல்கள் மட்டும் கறுத்திருந்தன. இப்போது நர்ஸ் வந்து பிரித்தபோது கறுப்பு பாதத்தின் பாதிவரை வந்திருந்தது. வாடை அடித்தது. நர்ஸ் டாக்டரைத் தேடி வேகமாக நடந்து போனார்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் அஸ்லினா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அறுவை சிகிச்சைப் பிரிவு. மகன் கிஷனும் அப்போது வந்திருந்தான். அவன் கல்லூரியில் கடைசி வருடம். கால்மாட்டில் நின்றபடி டாக்டர் அவளைப் 'புவான்' என்று மரியாதையாக விளித்து மலாயில் பேசினார்.

"இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும், புவான். கிருமி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கோ நாளைக்கோ செய்தாக வேண்டும். விட்டால் உயிருக்கு ஆபத்து. அவருக்குப் புரியாது என்பதால் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் போதும்."

சம்மதப் படிவத்தை நீட்டினார். கிஷன் பேனாவை எடுத்துவிட்டான்.

அந்த இடத்தில் புஷ்பவல்லி கையெழுத்துப் போட்டிருக்கலாம். பின்னால் பல தடவை அந்த நொடிக்குத் திரும்பிப் போய், அந்தப் பேனாவை வாங்கிப் பார்த்தாள். ஆனால் அப்போது அவள் கட்டிலைத்தான் பார்த்தாள். ஜெயராஜ் டாக்டரின் உதட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். தன் முன்னால், தன் காதுபடத் தன்னைப் பற்றி எடுக்கப்படும் ஒரு முடிவு. தனக்குப் புரியாது என்று ஒருவர் சொல்வதையும் புரிந்துகொண்டு கிடக்கிறார். யாருக்கும் புரியாத பாஷையில் தீர்ப்பு போய்விடக் கூடாதென்று இருபத்தேழு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதன்.

"அவருக்குப் புரியும், டாக்டர்" என்றாள். "பதிலும் சொல்வார். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"ம்மா..." என்றான் கிஷன்.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜெயராஜின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். ஷாமினியையும் வரச்சொன்னார். படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்படியென்றால் கையெழுத்து உங்களுடையது இல்லை, புவான். புரிந்து பதில் சொல்கிறவர் என்றால், அவர் வார்த்தைதான். வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி."

அந்தக் கடைசிப் பாதி புஷ்பவல்லியின் காதில் விழுந்தது. அதைப் பற்றி நினைக்கக் கேள்விகள் நேரம் கொடுக்கவில்லை.

"எந்தக் கால் என்று கேளுங்கள்."

தமிழில் கேட்டாள். ஜெயராஜ் யோசித்தார். நெற்றியில் வியர்த்தது. "சினிஸ்தெர்" என்றார். புத்தகத்தில் ஏதோ ஒரு கதையில் காக்கை இடப்பக்கமாகப் பறக்கிறது.

"இடது" என்று அவள் மலாயில் சொன்னாள்.

"எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?"

"எடுக்கலன்னா என்னங்க ஆகும்?"

"மோர்ஸ்."

அது எல்லாக் கதையிலும் வரும். விறகுவெட்டியின் கதையில் ஆளாகவே வரும். "சாவு" என்றாள் புஷ்பவல்லி. தன் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மெதுவாகத் தலையசைத்தார். ஒரு சந்தோஷம்கூட அவர் முகத்தில் தெரிந்தது.

"ரொம்பத் தெளிவாக இருக்கிறார். கடைசிக் கேள்வி. நாங்கள் காலை எடுக்க அவர் சம்மதிக்கிறாரா?"

புஷ்பவல்லி கணவரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, கால எடுத்துரலாமா? எடுத்துட்டா நீங்க வீட்டுக்கு வந்துரலாம். நான் பாத்துக்குறேன். சரிங்களா?"

சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தமில்லை என்று கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால் அதை நிறுத்திவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, சொல்லைத் தேடி எடுத்தார்.

"நோலோ."

நான் மாட்டேன், எனக்கு வேண்டாம். நரியும் சொல்லும், கழுதையும் சொல்லும், கூண்டுக்குள் போக மறுக்கிற பறவையும் சொல்லும். ஓரத்தில் பென்சிலில் எழுதிவைக்கக்கூடத் தேவைப்படாத சின்னச் சொல்.

வலது கால் ஏற்கெனவே போய்விட்டது. இடதும் போனால் என்ன மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அல்லது கணக்கே போடாமல், தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காக ஒரு 'நான்' சொல்லிப் பார்த்திருப்பார். அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாமென்றால், ஏன் என்பதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அந்தப் புத்தகம் பெரியதில்லை.

"என்ன சொன்னார்?" என்றார் டாக்டர்.

"அப்பா என்னா சொன்னாரும்மா?" என்றான் கிஷன்.

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் அவர் செத்துப்போவார். வேண்டும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஏனென்றால் அவர் அவளை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் நிற்கிறவர்கள் அவரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. இருபத்துமூன்று வருடமாக அவர் சோற்றுக்கு நடுவே உச்சரிக்கும் கோர்ட்டுச் சொற்களில் ஒன்று அவள் வாயில் வந்து விழுந்தது.

"தவணை கேக்குறாரு" என்று மகனிடம் சொன்னாள். டாக்டரிடம் மலாயில், "ஒத்திவைக்கச் சொல்கிறார். யோசிக்கணுமாம்" என்றாள்.

ஜெயராஜின் கை அவள் கைக்குள் ஒரு தடவை இறுகிவிட்டுத் தளர்ந்தது.

"நாளைக் காலைவரை" என்றார் டாக்டர், எழுந்துகொண்டே. "அதற்கு மேல் என்னால் கொடுக்க முடியாது."

சாயங்காலம் ராஜன் வந்திருந்தான். கோர்ட்டில் ஜெயராஜோடு வேலை பார்க்கும் இளைய மொழிபெயர்ப்பாளன். சாலாக் செலாத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, மழையில் நனைந்திருந்தான். கீழே கேன்டீனில் இருவரும் தே தாரேக் குடித்தார்கள்.

"ராஜன், நீங்க எப்பவாவது ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லியிருக்கீங்களா?"

"ஐயோ அண்ணி. மாத்துனா வேலை போயிடும் லா." கொஞ்சம் யோசித்தான். "மாத்துனதில்ல. ஆனா ஒரு தடவ இருமுனேன்."

"இருமுனீங்களா?"

"ஒரு பையன், பத்தொன்பது வயசு. செய்யாத குத்தத்த ஒத்துக்குறேன்னு சொல்ல வாயத் தொறக்குறான். எனக்குத் தெரியுது இவன் பயந்துபோய்ச் சொல்றான்னு. நான் வாய்க்குள்ள ஈ போன மாதிரி இரும ஆரம்பிச்சேன். தண்ணி கொடுத்தாங்க, முதுகத் தட்டுனாங்க. நான் இருமி முடிக்கிறதுக்குள்ள அவனே மனச மாத்திக்கிட்டான்." சிரித்தான். "ஜெயா அண்ணேகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. அவரு இருமக்கூட மாட்டாரு அண்ணி."

புஷ்பவல்லிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு எங்கேயோ திரும்பி, கண்ணுக்குப் போய்விட்டது. ராஜன் பயந்துபோய், கண் துடைக்க டிஷ்யூ காகிதம் எடுத்துவர எழுந்தான். அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் அவன் டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்வான். அவன் தொழில் அது.

தானும் இருமிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மனதை மாற்றிக்கொண்டால் போதும். இன்னும் ஒரு மணி நேரம் பார்வையாளர் நேரம் இருந்தது. மேலே போனாள்.

புத்தகத்தில் வால் இழந்த நரியின் கதை இருந்தது. பொறியில் சிக்கி, வாலை விட்டுவிட்டு உயிரோடு தப்பிய நரி. கௌடா என்றால் வால். அவள் அதைப் பாதிவரை மட்டும் படித்தாள், நரி தப்பித்துக் காட்டுக்குள் ஓடும் வரைக்கும். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? வால் போனா என்னா? உசுரோட இருக்குல்ல? வீட்டுக்கு வந்துருச்சுல்ல?"

ஜெயராஜ் அவளைப் பார்த்தார். மிச்சக் கதை அவருக்குத் தெரியும். மற்ற நரிகள் கூடி நின்று சிரிக்கும் கதை அது. அவர் கோபப்படவில்லை. பாலர் பள்ளிப் பிள்ளை ஒன்று பொய் சொல்லும்போது அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தார். "நோலோ" என்றார் மறுபடியும், மிக மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு சுட்டது.

காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கிஷன் கார் ஓட்டினான். காப்பார் சாலையில் லோரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனான்.

ஜெயராஜுக்கு மூச்சுக்குழாய் போட்டிருந்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. புஷ்பவல்லி காதருகே குனிந்து, தமிழில் அழைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த லத்தீன் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். வுல்பேஸ். ஊவா. ஹியெம்ஸ். நர்ஸ் அவள் தோளைத் தொட்டு விலக்கினார்.

டாக்டர் அஸ்லினா அவர்களை ஓரமாக அழைத்துப்போனார். தூங்காத முகம்.

"இப்போது எடுத்தாலும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. நேற்று இருந்ததைவிட வாய்ப்புக் குறைவு. ஆனால் வாய்ப்பு இருக்கிறது. இனி அவரைக் கேட்க முடியாது, புவான். நீங்கள்தான்." படிவத்தை மறுபடியும் எடுத்தார். "ஒன்று கேட்க வேண்டும். நேற்று நான் போனபிறகு அவர் ஏதாவது சொன்னாரா? அவர் விருப்பம் இதுதான் என்று காட்டுகிற மாதிரி ஏதாவது?"

ஜன்னலுக்கு வெளியே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். புஷ்பவல்லி அந்தக் காரைப் பார்த்தாள். வெள்ளை மைவி. மூன்றாவது சுற்று.

"இல்லை" என்றாள். "எதுவும் சொல்லலை."

"சைன் பண்ணுங்கம்மா" என்றான் கிஷன், குரல் உடைந்து. அவள் கையெழுத்திட்டாள். பெயர், அடையாள அட்டை எண், உறவு. உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுத வேண்டும். பேனா அங்கே மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அவர் பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ராஜன் பழங்கள் வாங்கி வந்தான். ஷாமினி, "அங்கிள் ரொம்ப ஸ்ட்ராங்கு" என்றாள். பக்கத்து வார்டிலிருந்து இராஜம்மா வந்து எட்டிப் பார்த்து, சாமி கண்ணத் தொறந்துட்டாரு என்றாள். கிஷன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். டாக்டர் அஸ்லினா காயத்தைப் பார்த்து, நன்றாக ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி புஷ்பவல்லியின் வாய் உலர்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம் தொடங்கிய சற்று நேரத்தில், ஜெயராஜ் முழுமையாக விழித்தார். கூரையைப் பார்த்தார். நல்ல கையால் போர்வையின் மேலே தடவிக்கொண்டே போனார். தொடை. முட்டி. அதற்குக் கீழே போர்வை மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தது. கை அங்கே நின்றது. தட்டையான துணியைத் திரும்பத் திரும்ப நீவிவிட்டது.

பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"க்விஸ்?"

குரல் கம்மியிருந்தது. சொல் சுத்தமாக இருந்தது.

அவளுக்கு அதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. க்விஸ் என்றால் யார். யார் சொன்னது. யார் சம்மதித்தது. என் வாயால் பேசியது யார். அவர் வேறு சொற்களைத் தேடவில்லை. அந்த ஒன்று போதும் என்பது போல, பதிலுக்குக் காத்திருந்தார்.

சலைன் மாற்றிக்கொண்டிருந்த மலாய்க்கார நர்ஸ் முகம் மலரத் திரும்பினார். "பேசிட்டாரு! என்ன சொல்றாரு அக்கா?"

புஷ்பவல்லி எழுந்து போர்வையின் விளிம்பைச் சரிசெய்தாள்.

"தண்ணீர் கேட்கிறார்" என்றாள் மலாயில்.

நர்ஸ் ஓடிப்போய்க் குவளையில் தண்ணீரும் ஒரு உறிஞ்சுகுழலும் கொண்டுவந்து, அவர் பின்கழுத்தைத் தாங்கிப் பிடித்து, உதட்டில் வைத்தார். "மெதுவா, அங்கிள், மெதுவா." ஜெயராஜ் மனைவியைப் பார்த்தபடியே, கொடுத்த தண்ணீரை மரியாதையாகக் குடித்தார்.